எஸ்றாவின் தராசு

கிறிஸ்துவுக்குள் அன்பான மகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தாலுகா அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக வேலையில் சேர்ந்திருக்கிறாய். அதே மூச்சில் சபையார் உன்னைப் பொருளாளராகவும் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். இரண்டு இடத்திலும் அடுத்தவர் பொருள் உன் கைக்கு வருகிறது. அங்கே பட்டா மாறுதலும் வாரிசுச் சான்றும், இங்கே காணிக்கைப் பையும் அசன விருந்துக் கணக்கும். ஒரு கிறிஸ்தவனாக இதில் உண்மையாய் நடப்பது எப்படி என்று கேட்டிருக்கிறாய். ஜெபம் பண்ணு, வேதம் வாசி, மனச்சாட்சிக்குப் பயந்து நட என்று எழுதி அனுப்பலாம். அதைச் சொல்ல உனக்கு ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதும் நல்லதே. நான் சொல்ல விரும்புவது அதற்கு அடுத்த படி. நம் ஆட்கள் அடிக்கடி சொல்லும் ஒரு வார்த்தை உண்டு: ‘ஆண்டவருக்கு என் மனசு தெரியும்.’ அது உண்மையாகவே இருக்கட்டும். ஆனாலும் அடுத்தவர் பொருளைக் கையில் வைத்திருக்கிறவன் அந்த ஒரு வார்த்தையோடு நின்றுவிடக்கூடாது. தன் கையை மற்றவர் எண்ணிப் பார்க்கும்படி வைத்துக்கொள்ளாதவனை, அவன் மனம் எவ்வளவு சுத்தமாயிருந்தாலும், வேதம் உண்மையுள்ளவனாகக் காட்டுவதில்லை.

எஸ்றாவின் புத்தகம் எட்டாம் அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பார். பாபிலோனிலிருந்து எருசலேமுக்கு ஏறக்குறைய நான்கு மாதப் பயணம். கூடவே பெண்களும் பிள்ளைகளும், ஆலயத்துக்கென்று கொடுக்கப்பட்ட பெருந்தொகையும். வழியில் கொள்ளைக்காரர்கள். அர்தசஷ்டா ராஜாவிடம் குதிரைப்படை கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். ஆனால் தங்கள் தேவனுடைய கரம் தங்களைக் காக்கும் என்று ராஜாவுக்கு முன்பே சொல்லிவிட்டபடியால், இப்போது படை கேட்க எஸ்றா வெட்கப்பட்டார். அகாவா நதியோரம் உபவாசம் பண்ணிவிட்டுப் புறப்பட்டார். இந்த இடத்தைப் பிரசங்கத்தில் எத்தனையோ முறை கேட்டிருப்பாய். அதற்கு அடுத்த வசனங்களைத்தான் யாரும் எடுப்பதில்லை. ஆசாரியரில் பன்னிரண்டு பேரைப் பிரித்தெடுத்து, 650 தாலந்து வெள்ளியையும் 100 தாலந்து பொன்னையும் பாத்திரங்களையும் எஸ்றா அவர்கள் கையில் நிறுத்துக் கொடுக்கிறார். எருசலேமில் போய்ச் சேர்ந்த நான்காம் நாள், அங்கே வேறு ஆட்கள் முன்னிலையில் அத்தனையும் எண்ணிக்கைப்படியும் நிறைப்படியும் திரும்ப நிறுக்கப்பட்டு எழுதப்படுகிறது. கொள்ளைக்காரருக்கு எதிராகப் படை வேண்டாம் என்ற அதே மனிதர், ஆசாரியர் கையில் வெள்ளியைக் கொடுக்கும்போது தராசு வேண்டாம் என்று சொல்லவில்லை. அதிலும் அவர்களைப் பார்த்து ‘நீங்கள் கர்த்தருக்குப் பரிசுத்தமானவர்கள்’ என்ற பொருளில் பேசுகிறார். பேசிக்கொண்டே நிறுத்துக் கொடுக்கிறார். பரிசுத்தத்துக்கும் நிறுவைக்கும் அவர் மனத்தில் சண்டையே இல்லை. விசுவாசத்தைக் காரணம் காட்டிக் கணக்கைத் தள்ளிப்போடுகிற நம் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. நிச்சயமாக எஸ்றாவிடமிருந்து வரவில்லை.

அது ஒரு தனி இடமும் இல்லை. யாத்திராகமம் 38ஆம் அதிகாரத்தில், ஆசரிப்புக் கூடாரத்துக்கு வந்த பொன் 29 தாலந்து 730 சேக்கல் என்று கணக்கு எழுதியிருக்கிறது. வெள்ளியில் 100 தாலந்து பாதங்கள் வார்க்கவும், மீதி 1,775 சேக்கல் கொக்கிகளுக்கும் பூண்களுக்கும் போனது வரை உண்டு. வாசிக்கச் சலிப்பான பக்கம்தான். ஆனால் மேகஸ்தம்பமும் மகிமையும் இருக்கிற புத்தகத்துக்குள், கொக்கிக்குச் செலவான வெள்ளிக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். கணக்கு பார்த்தவர் இன்னார், ஆரோனின் மகன் இத்தாமார், என்று பெயரும் உண்டு. புதிய ஏற்பாட்டுக்கு வந்தால் பவுல். எருசலேமின் ஏழைகளுக்காக ஊர் ஊராகக் காணிக்கை சேர்த்தார். கொரிந்து சபையில் அவரைத் தந்திரக்காரன் என்று பேசியவர்கள் இருந்தார்கள். ‘நான் அப்போஸ்தலன், என்னையா சந்தேகப்படுகிறீர்கள்’ என்று அவர் கேட்கவில்லை. பணத்தைத் தீத்துவோடு, சபைகளே தெரிந்தெடுத்த சகோதரனையும் சேர்த்துக் கொண்டுபோக ஏற்பாடு செய்தார். கர்த்தருக்கு முன்பாக மட்டும் போதாது, மனுஷர் முன்பாகவும் ஒழுங்காயிருக்க வேண்டும் என்பதைக் காரணமாகவும் எழுதி வைத்தார். இரண்டாம் கொரிந்தியர் எட்டாம் அதிகாரம். அப்போஸ்தலனுக்கே சாட்சி தேவைப்பட்டதென்றால், நம் சேகரத்துப் பொருளாளருக்கு வேண்டாமா?

இதற்கு மறுப்பும் வேதத்திலிருந்தே வரும் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். யோவாஸ் ராஜாவின் காலத்தில் ஆலயத்தைப் பழுதுபார்த்த வேலையாட்களிடம் கணக்கே கேட்கவில்லை, அவர்கள் உண்மையாய் நடந்தார்கள் என்று இரண்டாம் ராஜாக்கள் 12இல் இருக்கிறது. ‘பார்த்தாயா, உண்மையுள்ளவனிடம் கணக்குக் கேட்பது அவனை அவமதிப்பது’ என்று யாராவது உன்னிடம் சொல்வார்கள். அதே அதிகாரத்தைக் கொஞ்சம் மேலே இருந்து வாசிக்கச் சொல். பணம் முதலில் ஆசாரியர் கையில்தான் போய்க்கொண்டிருந்தது. யோவாஸின் இருபத்துமூன்றாம் வருஷம் வரைக்கும் ஆலயத்தின் ஓட்டைகள் அப்படியே கிடந்தன. அதன் பிறகே ஆசாரியரான யோய்தா ஒரு பெட்டியை எடுத்து, மூடியில் துவாரம் போட்டு, எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் வைத்தார். பெட்டி நிறைந்ததும் ராஜாவின் சம்பிரதியும் பிரதான ஆசாரியரும் சேர்ந்து எண்ணிக் கட்டினார்கள். இரண்டு பேர், அதுவும் இரண்டு வேறு அதிகாரங்களைச் சேர்ந்தவர்கள். அதற்குப் பிறகு வேலையாட்களை நம்பியது பேராசையில்லாத மனிதர்களுக்குக் கிடைத்த மரியாதை. எண்ணிப் பார்த்த பணத்தைக் கொடுத்துவிட்டு நம்புவது ஒன்று. எண்ணாமலே நம்பச் சொல்வது இன்னொன்று. நம் சபைகளில் சண்டை வருவது இரண்டாவதிலிருந்துதான். கணக்குக் கேட்கிறவனை ‘ஆவிக்குரியவன் அல்ல’ என்று ஓரங்கட்டுகிற இடத்தில் பெரும்பாலும் ஆலயத்தின் ஓட்டைகள் அப்படியே கிடக்கும்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. வலது கை செய்வதை இடது கை அறியக்கூடாது என்றும், மனுஷர் காணும்படி தர்மம் செய்யாதே என்றும் மலைப்பிரசங்கம் போதிக்கிறதே, அப்படியிருக்க எல்லாவற்றையும் வெளியே காட்டச் சொல்வது பரிசேயத்தனம் ஆகாதா? ஆகும், உன் சொந்தப் பணத்தை நீ கொடுக்கும்போது. அங்கே பேச்சு உன் புண்ணியத்தைப் பற்றியது. அது மறைவாகவே இருக்கட்டும். ஆனால் சபைப் பணமும் அரசாங்கக் கோப்பும் உன்னுடையவை அல்ல. அவற்றை மறைவில் வைக்க உனக்கு உரிமையே கிடையாது. உன் தர்மத்தை யாரும் பார்க்க வேண்டாம். உன் ரசீதுப் புத்தகத்தை எல்லோரும் பார்க்கட்டும். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். கொடுத்த நன்கொடைக்குக் கல்வெட்டு வைத்துக்கொள்கிறோம், செலவழித்ததற்கு வவுச்சர் வைத்துக்கொள்வதில்லை.

அலுவலகத்துக்கு வருவோம். நீ எழுதியதிலிருந்து ஒன்று தெரிகிறது: உன்னிடம் யாரும் ‘லஞ்சம் வாங்கு’ என்று சொல்லவில்லை. அப்படி யாரும் சொல்லவும் மாட்டார்கள். ‘பார்ட்டி ஏதோ கொடுத்தாங்க, இது உன் பங்கு’ என்பார்கள். நீ கேட்காத, அதற்காக எந்தக் காரியமும் செய்யாத பணம் மேசை மேல் வந்து விழும். வாங்காவிட்டால், உன்னால் எங்களுக்கு ஆபத்து என்று நினைப்பார்கள். அந்த நினைப்பில் நியாயமும் இருக்கிறது, ஏனென்றால் அந்தப் பங்கின் உண்மையான வேலை பணம் அல்ல. எல்லோர் வாயையும் ஒரே நேரத்தில் அடைப்பதுதான். பங்கு வாங்கியவன் நாளைக்குச் சாட்சி சொல்ல முடியாது. எஸ்றாவின் தராசுக்கு நேர் எதிரான ஏற்பாடு இது: யாரும் யாரையும் எண்ணிப் பார்க்க முடியாதபடி எல்லோரையும் ஒன்றாகக் கட்டிவைப்பது. சட்டத்தின் பயத்தால் மட்டும் நேர்மையாயிருக்காதே, ஆனால் சட்டத்தைத் தெரிந்துகொள். 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம் 2018இல் திருத்தப்பட்ட பிறகு, வாங்குகிற அரசு ஊழியருக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. கொடுக்கிறவரும் குற்றவாளிதான், கட்டாயத்தால் கொடுத்தவர் 7 நாட்களுக்குள் புகார் செய்தால்தான் தப்பலாம். ஆகவே பட்டாவுக்காக வரும் விவசாயியின் மடியிலிருந்து பணம் மட்டும் போவதில்லை. அவரையும் குற்றத்துக்குள் இழுத்துவிடுகிறோம்.

‘அப்படியானால் கிறிஸ்தவன் இந்த மாதிரி வேலைக்கே போகக்கூடாதா?’ என்று உன் அம்மா கேட்டதாக எழுதியிருந்தாய். யோவான் ஸ்நானகனிடம் ஆயக்காரர் வந்து நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டபோது, வேலையை விட்டுவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. ரோமருக்கு வரி வசூலிக்கிற வேலை அது. யூதர் அருவருத்த வேலை. விதிக்கப்பட்டதற்கு மேல் வாங்காதே என்றார், அவ்வளவுதான். போர்ச்சேவகரிடம் மிரட்டிப் பறிக்காதே, சம்பளம் போதுமென்றிரு என்றார். இரண்டிலும் ஓர் அளவு இருப்பதைக் கவனி: விதிக்கப்பட்ட வரி, குறித்த சம்பளம். அந்த அளவைத் தாண்டினானா என்பது எவனுக்கும் தெரியும். உன் வேலையிலும் அப்படி ஓர் அளவை நீயே வைத்துக்கொள். இ-சேவை மையம் வழியாக வரும் மனுவுக்கு எண்ணும் தேதியும் தானாகவே விழுந்துவிடுகின்றன. நேரில் கொடுக்கிற மனுவுக்கும் அதே நாளில் பதிவேட்டில் எண் போட்டு ஒப்புகைச் சீட்டு கொடு. மனுக்களை வந்த வரிசைப்படி எடு. நிறுத்தி வைக்க வேண்டியதை ஏன் நிறுத்தினாய் என்று கோப்பிலேயே எழுது. மாமூல் வளர்வது இருட்டான இடத்தில். அந்த இருட்டு பெரும்பாலும் தேதி போடாத ஒரு காகிதம்தான். பங்கை மறுக்கும்போது பிரசங்கம் பண்ணாதே, வசனம் சொல்லாதே. ‘எனக்கு வேண்டாம் சார்’ போதும். முன்தேதியிட்ட கையெழுத்தும், போகாத ஊருக்குப் பயணப்படியும், ‘ஐயா மீட்டிங்கில் இருக்கார்’ என்ற பொய்யும் இதே வகையறாதான், விவரிக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது: கன்வென்ஷன் கூட்டத்துக்குப் போக மருத்துவ விடுப்பு எழுதிக்கொடுக்கிற வழக்கம் நம்மிடையே உண்டு. உபவாச ஜெபத்துக்குப் போகிறவன் காய்ச்சல் என்று எழுதிக்கொடுத்துவிட்டா போவது?

அடுத்தது நம்மைத் தனியாகச் சோதிக்கிற ஒன்று. வாங்கியதில் தசமபாகம் கொடுத்துவிட்டால் மீதி சுத்தமாகிவிடும் என்ற எண்ணம் வாய்விட்டுச் சொல்லப்படுவதில்லை. ஆனால் ஆலயக் கட்டட நிதிக்குப் பெருந்தொகை வரும்போது அது எங்கிருந்து வந்தது என்று கமிட்டி கேட்பதும் இல்லை. வேசிப்பணயம் போன்ற அருவருப்பான வருமானத்தைக் கர்த்தருடைய ஆலயத்துக்குள் கொண்டுவரக்கூடாது என்று உபாகமத்திலேயே விதி இருக்கிறது. சகேயு ஏழைகளுக்குப் பாதியைக் கொடுப்பதோடு நிறுத்தவில்லை. அநியாயமாய் வாங்கியதைக் கொடுத்தவனுக்கே நாலத்தனையாகத் திருப்பினான். தர்மம் வேறு, திருப்பிக் கொடுப்பது வேறு. நல்ல காரியத்துக்குக் கொடுப்பது பணத்தின் மேலுள்ள கேள்விக்குப் பதிலாகாது என்பதற்கு நம் மண்ணிலேயே ஓர் உதாரணம் உண்டு. தஞ்சாவூரில் ஊழியம் செய்த சுவார்ட்ஸ் ஐயரை 1779இல் சென்னைக் கம்பெனி அரசு ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு, ஹைதர் அலியிடம் தூது அனுப்பியது. ஒரு மிஷனரி அப்படிப் போயிருக்க வேண்டுமா என்பது தனி விவாதம்; எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. ஆனால் திரும்பும்போது வழிச்செலவுக்கென்று ஹைதர் கொடுத்தனுப்பிய 300 ரூபாய்ப் பையை அவர் என்ன செய்தார் என்று பார். நேராகக் கொண்டுபோய் சென்னை அரசிடம் ஒப்படைத்தார். அவர்கள் நீரே வைத்துக்கொள்ளும் என்ற பிறகு, தஞ்சாவூரில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அதை முதலாக்கினார். முதலிலேயே பள்ளிக்கூடத்துக்குப் போட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனாலும் நல்ல காரியத்தைக் காட்டிக் கேள்வியைத் தாண்டிப் போகாமல், கேள்வி கேட்க உரிமையுள்ளவர்கள் முன்னால் முதலில் பையை வைத்தார். பிற்பாடு போர்க்காலத்தில் தஞ்சாவூர்க் கோட்டை பட்டினியில் வாடியபோது, கொடுத்த மாட்டுக்கும் தானியத்துக்கும் முன்பு பணம் வராமல் ஏமாந்த குடியானவர்கள், யார் சொல்லையும் நம்பாமல் அவர் ஒருவருடைய வாக்கை நம்பிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்த நம்பிக்கை அவருடைய பிரசங்கத்தால் மட்டும் வந்ததென்று நான் நினைக்கவில்லை.

இதுவரை நான் சொன்னது, இழக்க ஏதோ கொஞ்சம் இருக்கிறவனுக்கு எளிது. உன் மேசைக்கே வரப்போகிற ஒரு காரியத்தில் என் வாதம் தடுமாறும். அதை மறைக்க மாட்டேன். சாதிச் சான்று. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கு மட்டும் வைத்தது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தது. கிறிஸ்தவரான தலித்துகளை இன்றுவரை சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். மதத்தை வைத்து இந்த உரிமையைப் பிரிக்கக்கூடாது என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தும் எதுவும் மாறவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கு வந்து காகிதத்தில் இந்துவாக இருக்கிற குடும்பங்கள் உண்டு. 2024 நவம்பரில் புதுச்சேரி வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் அதை அரசியலமைப்பின் மீதான மோசடி என்றே சொல்லிவிட்டது. எண்ணிப் பார்க்கும்படி வாழ் என்று நான் சொல்கிற அறிவுரை இவர்களிடம் போய், பிள்ளையின் படிப்பை விட்டுக்கொடு என்று கேட்பதாக ஆகிறது.

பொய்யைப் பொய் என்றுதான் சொல்வேன். அதற்கு வேறு பெயர் தேட மாட்டேன். ஆனால் யார் முதலில் வெட்கப்பட வேண்டும் என்பதில் ஒரு வரிசை இருக்கிறது. மதம் மாறினால் சாதிக் கொடுமை நின்றுவிடும் என்பதுபோல் எழுதப்பட்ட சட்டம் முதலில். கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதியைப் பிரித்து வைத்துக்கொண்டு, இவர்கள் படும் இழப்பைப் பங்கிட்டுக்கொள்ள முன்வராத சபை அடுத்தது. அந்தத் தகப்பன் கடைசியில்தான் வருகிறான். நான் மேலே சொன்ன உதாரணங்கள் எல்லாமே அடுத்தவர் பொருளைக் கையில் வைத்திருந்தவர்களைப் பற்றியவை என்பதையும் கவனி: ஆசாரியர், அப்போஸ்தலன், ஆயக்காரன். தராசு முதலில் வைக்கப்பட்டது அதிகாரம் இருந்தவன் முன்னால். ஆகவே உன் கையிலிருக்கிற கோப்பில் பொய்ப் பதிவு எழுதாதே, இரக்கத்தாலும் எழுதாதே. காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறவன் அந்த ஏழையின் பயத்தை வைத்துத்தான் பிழைக்கிறான். அதே சமயம் அவரை உட்காரவைத்து, பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் அவர் பிள்ளைக்கு என்னென்ன உதவித்தொகை உண்டு என்று சொல்லிக்கொடு. சபையில் அவரைப் பற்றி விரல் நீட்டிப் பேசுகிறவர்களோடு சேராதே. பொருளாளர் என்ற முறையில், சபையின் கல்வி நிதியிலிருந்து அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு எவ்வளவு போகிறது என்று கமிட்டியில் ஒருமுறை கேள். பதில் வசதியாக இருக்காது.

‘உன் ஒருவனால் என்ன மாறும்?’ என்று நண்பர்கள் சொல்வதாக எழுதியிருந்தாய். தாலுகா அலுவலகம் மாறாமலே போகலாம். அதற்கு வாக்குக் கொடுக்க என்னால் முடியாது, வேதமும் கொடுக்கவில்லை. தானியேலிடம் குற்றம் கண்டுபிடிக்க அவருடைய கணக்கையெல்லாம் தோண்டிப் பார்த்தார்கள். ஒன்றும் அகப்படாததால் அவருடைய ஜெபத்தைச் சட்டவிரோதமாக்கினார்கள். நேர்மை அவரைச் சிங்கக் கெபியிலிருந்து தள்ளிவைக்கவில்லை, அங்கே கொண்டுபோய் விட்டது. உனக்கும் இடமாற்றம் வரலாம், பதவி உயர்வு தள்ளிப்போகலாம். அது வரும்போது ஆச்சரியப்படாதே; வராவிட்டால் அதை உன் நேர்மைக்குக் கிடைத்த ஆசீர்வாதம் என்று சாட்சி சொல்லவும் அவசரப்படாதே.

இனி சபைக் கணக்கு. காணிக்கையை ஆராதனை முடிந்ததும் ஆலயத்திலேயே எண்ண வேண்டும். உன்னோடு எப்போதும் இன்னொருவர் இருக்க வேண்டும். அவர் நம் சொந்தக்காரராக இருக்கக்கூடாது. தொகையை அன்றே பதிவேட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். இரவு ஆலயத்திலேயே பூட்டி வைத்து, திங்கட்கிழமை வங்கியில் கட்டிவிடு. ஒரு ராத்திரிகூட உன் வீட்டு அலமாரியில் அது தங்க வேண்டாம். அவசரத்துக்குச் சபைப் பணத்தில் கைமாற்று வாங்கிக்கொண்டு மாதக் கடைசியில் திருப்பி வைக்கலாம் என்று தோன்றும். பெரிய திருட்டுகளில் பல அப்படித்தான் ஆரம்பிக்கின்றன, ஆரம்பிக்கும்போது திருட்டு என்ற எண்ணமே இருக்காது. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு தேங்காயை ஆயிரத்துக்குக் கேட்டுவிட்டுப் பணம் கட்டாமல் இருக்கிறவர்களின் பாக்கிப் பட்டியலைப் பெயரோடு கமிட்டியில் வை; அதில் பெரிய மனிதர்களின் பெயர் இருந்தாலும், என் பெயர் இருந்தாலும் வை. அசனம் முடிந்ததும் அரிசி, கறி, விறகு, சமையல்காரர் கூலி என்று வரி வரியாக எழுதி, ஆலயத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடு. சமையல்காரருக்கும் பாத்திரம் தேய்த்தவர்களுக்கும் கூலியை அன்றைக்கே கொடு. பாக்கி வைத்தால் அதையும் பலகையில் எழுது. யாராவது வந்து ‘எங்களை நம்பாமலா ஒட்டியிருக்கிறாய்?’ என்று கோபப்படுவார்கள். என்னை நீங்கள் நம்ப வேண்டும் என்பதற்காக ஒட்டினேன் என்று சொல். போன வருஷத்துக் கணக்குப் புத்தகத்தைப் பழைய பொருளாளர் இன்னும் உன்னிடம் கொடுக்கவில்லை என்று எழுதியிருந்தாயே, அதை வாங்காமல் புதுப் புத்தகத்தில் முதல் வரியை எழுதாதே. மரியாதையாகக் கேள், எழுத்தில் கேள், போதகருக்கு ஒரு நகல் கொடு.

அம்மாவுக்கும் தங்கைக்கும் என் அன்பைச் சொல்.

உன் பெரியப்பா